கிராமத்து வீடு வாங்குமுன் செப்டிக் டேங்க்கைப் பாருங்கள்

கேள்வி: ஒரத்தநாடு பக்கம் ஒரு பழைய வீடு விலைக்கு வருகிறது. "டேங்க் கட்டிப் பதினைந்து வருஷம் ஆச்சு, ஒரு தடவைகூடக் கழிவெடுக்க லாரி கூப்பிட்டதில்லை" என்கிறார் வீட்டுக்காரர். நம்பி வாங்கலாமா?

பதில்: விற்பவர் பெருமையாகச் சொல்லும் இந்தப் பேச்சுதான் எனக்கு முதல் சந்தேகத்தைக் கிளப்பும். அடியும் சுவரும் ஒழுங்காகப் பூசிய டேங்க்கில் தண்ணீர் எப்போதும் வெளிக்குழாய் மட்டத்துக்கு நிற்கும். அடியில் கசடு சேர்ந்துகொண்டே வரும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை எடுத்தாக வேண்டும். இத்தனை வருஷம் நிறையவில்லை என்றால், அடியில் கான்கிரீட் போடாமல் விட்டிருப்பார்கள், அல்லது வெறும் உறை இறக்கியிருப்பார்கள். கழிவு நேராக நிலத்தடி நீருக்குப் போகிறது.

கொத்தனாரை வைத்து மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். சமீபத்தில் லாரி வந்து எடுக்காமலேயே தண்ணீர் வெளிக்குழாய்க்கு வெகுவாகக் கீழே கிடந்தால் கசிவு. குழாய் முங்கிக் கிடந்தால், டேங்க்கிலிருந்து வெளியேறும் தண்ணீரை மண்ணில் இறக்கும் உறிஞ்சு குழி அடைத்திருக்கிறது. மேலே ஏடு படிந்திருப்பது சகஜம். நீளமான கம்பில் வெள்ளைத் துணியைச் சுற்றி அடிவரை இறக்கித் தூக்குங்கள். கருப்பேறிய உயரம்தான் கசடின் உயரம்.

திறந்ததும் தலையை நீட்டிப் பார்க்காதீர்கள். பீடி, தீக்குச்சி பக்கத்திலேயே வேண்டாம். யாரையும் உள்ளே இறக்கவே கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு ஓரிரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும், தூக்கப் போகிறவரும் சேர்ந்து விழுவார். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

கேள்வி: கிணறு டேங்க்குக்கு எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும்?

பதில்: டேங்க்கை விட உறிஞ்சு குழியிலிருந்து அளப்பதுதான் முக்கியம். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீர் ஆதாரத்துக்கும் அதற்கும் 18 மீட்டராவது வேண்டும், அதாவது சுமார் 60 அடி. பக்கத்து வீட்டுக் குழியையும் சேர்த்து அளந்து பாருங்கள், பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். பாறை வெடிப்புள்ள ஊர்களில் இந்தத் தூரமும் போதாமல் போகலாம். அதனால் தண்ணீரைக் குடிநீர் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். 100 மி.லி.யில் ஈ.கோலி (மலத்திலிருந்து வரும் கிருமி) துளியும் இருக்கக் கூடாது, நைட்ரேட் லிட்டருக்கு 45 மி.கி. தாண்டக் கூடாது.

கேள்வி: சித்திரையில் பார்த்தபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. போதுமா?

பதில்: போதாது. டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும், உறிஞ்சு குழிக்குத் தண்ணீரை வாங்க இடம் இருக்காது. முடிந்தால் அடைமழைக்கு அப்புறம் ஒரு முறை போய்ப் பாருங்கள். முடியாவிட்டால் கக்கூஸில் ஏழெட்டு வாளி தண்ணீரைச் சடசடவென்று ஊற்றி, சேம்பரில் (குழாய் வழியில் இருக்கும் சின்னத் தொட்டி) எதிர்த்து ஏறுகிறதா என்று கவனியுங்கள்.

கேள்வி: தூய்மை பாரதத்தில் கட்டிய இரட்டைக் குழி இருக்கிறது. அதுவும் ஒழுகுகிற கணக்குத்தானே?

பதில்: இல்லை, அது மண்ணில் உறிஞ்சவே கட்டியது. ஒரு குழி நிறைந்ததும் அதை மூடி மற்றதற்கு மாற்ற வேண்டும். சேம்பரைத் திறந்து, ஒரு குழிக்குப் போகும் வழியை அடைத்து வைத்திருக்கிறார்களா பாருங்கள். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் போனால் பயனில்லை. கிணற்றுத் தூரத்தை இதற்கும் பாருங்கள்.

கேள்வி: ஐந்து பேருக்கு எந்த அளவு டேங்க் போதும்?

பதில்: உள்ளளவு 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், தண்ணீர் நிற்க 1 மீட்டர் ஆழம், அதற்கு மேல் 30 செ.மீ. வெற்றிடம். டேங்க்கின் மேல் அறை கட்டியிருந்தாலோ, லாரி ஓஸ் எட்டாத சந்தாக இருந்தாலோ, புது டேங்க் செலவை விலையில் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள்.