கல்லு வளரலை, மண்ணுதான் இறங்குது

ஐப்பசி மழைக்கு முன்னாடி மண் அரிப்பைப் பத்திப் பலரும் கேட்டிருந்தீங்க. எனக்குப் பழக்கமான வரைக்கும் சொல்றேன்.

தேவகோட்டை: அண்ணே, எங்க செம்மண் புஞ்சையில வருஷா வருஷம் சரளை கூடிக்கிட்டே போகுது. கல்லு வளருமா?

வளராது தம்பி, மண்ணுதான் இறங்குது. பெரிய மழைத்துளி நொடிக்கு 9 மீட்டர் வேகத்துல விழும். வெறும் தரையில பட்டா மண்கட்டி தூளாகி, தரையோட கண்ணை, அதாவது தண்ணி இறங்குற சின்னத் துளைகளை, அடைச்சிரும். அப்புறம் தண்ணி உள்ளே இறங்காம மேலோட ஓடும். ஓடுற தண்ணி லேசானதைத்தான் தூக்கும்: களி, வண்டல், மக்கு. சத்தெல்லாம் அதுலதான் இருக்கு. சரளை அங்கேயே கிடக்கும். ஏக்கருக்கு 1 மில்லிமீட்டர் கனத்துக்கு மேல்மண் போனாலே சுமார் 5 டன்! வேலிக் கல்லுக்காலைப் பாருங்க. பழைய மண்கறை தரைக்கு மேலே எத்தனை விரல் நிக்குதோ, அவ்வளவு போயிருக்கு.

கானாடுகாத்தான்: மழை விட்டுப் பத்து நாளாகியும் ஊருணித் தண்ணி செக்கச்செவேல்னு இருக்கே, தம்பி?

களித்துகள் ஒண்ணையொண்ணு தள்ளிக்கிட்டே மிதக்கும் ஆச்சி, லேசுல படியாது. குடத்துக்குள்ள தேத்தாங்கொட்டையை உரசினா துகள் ஒட்டிக் கனத்து அடியில தங்கும். தெளிஞ்சாலும் காய்ச்சித்தான் குடிக்கணும். ஊருணிக்கு வைத்தியம் தண்ணி வர்ற வரத்துக்கால்லதான்: அது ஊருணியில சேர்ற வாயில ஒரு குழி வெட்டி, அதுல தங்குற மண்ணை வருஷாவருஷம் அள்ளணும்.

கோட்டையூர்: கண்மாய் தூர்ந்து ரெண்டு மழைக்கே நிறைஞ்சு கலுங்கு (மிச்சத் தண்ணி வழியுற இடம்) பாயுது. வண்டலை வயலுக்கு அடிக்கலாமா?

தாராளமா. அது மேட்டுப் புஞ்சையில இருந்து வந்த சத்துதானே! தாசில்தார்கிட்ட அனுமதி வாங்கிக்கங்க. கரையடியிலயும் மடைகிட்டயும் தோண்டாதீங்க. அடிக்களியையும் வழிச்சிட்டா கண்மாயில தண்ணி நிக்காது. சரளை நிலத்துக்கு வண்டல் அமிர்தம், களிநிலத்துக்கு வேண்டாம்.

திருப்பத்தூர்: சரிவு நிலத்தை எப்படி உழுறது?

குறுக்கே. ஒரு வருஷம் டிராக்டர்காரர் அவசரத்துக்கு நான் சரிவோட உழவிட்டேன். ஒவ்வொரு சாலும் வாய்க்காலாச்சு, கார்த்திகையில முழங்கால் ஆழத்துக்கு ஓடை விழுந்திருச்சு.

பள்ளத்தூர்: தைலமரம் வச்சா மண்ணு நிக்குமாண்ணே?

மரத்தை விட அடியில கிடக்குற சருகும் புல்லும்தான் மண்ணைக் காக்கும். சருகை அடுப்புக்குக் கூட்டி அள்ளிட்டா, இலையில திரண்டு சொட்டுற துளி வெறுந்தரையைக் குத்தும். அந்தச் செலவுக்கு வரப்போரமா வெட்டிவேரை நெருக்கி நடுங்க. வேர் 3 மீட்டர் வரைக்கும் இறங்கும்.