போரை எதிர்த்துப் பிரதமருக்குத் தமிழில் எழுதலாமா?

கேள்வி: தர்மபுரியில் இருக்கிறேன். எங்கோ நடக்கும் போரை நிறுத்த இந்தியா முயல வேண்டும் என்று பிரதமருக்குத் தமிழில் எழுதினால் ஏற்பார்களா? பயன் உண்டா?

தாராளமாக எழுதுங்கள். குறையைச் சொல்லும் மனுவை, ஒன்றியத்திலோ மாநிலத்திலோ பயன்படும் எந்த மொழியிலும் கொடுக்கும் உரிமையை அரசியலமைப்பின் 350ஆவது பிரிவு தருகிறது. பன்னாட்டு அமைதியை வளர்க்க அரசு முயல வேண்டும் என்கிறது 51ஆவது பிரிவு. அதைக் கடிதத்தில் ஒரு வரியில் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

திட்டி எழுத வேண்டாம். எந்தப் போர், அரசு என்ன செய்ய வேண்டும் (போர்நிறுத்தத்துக்குக் குரல் கொடுப்பதா, மருந்து அனுப்புவதா) என்று தெளிவாகக் கேளுங்கள். ஒரு பக்கம் போதும். சாகிற மக்களைப் பற்றித்தான் முதலில் எழுத வேண்டும். அப்புறம் நம் ஊர் நிலையையும் சேர்க்கலாம். 2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் மீது தாக்குதல் தொடங்கியபின், ஐரோப்பா செல்லும் பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. கிருஷ்ணகிரி மாங்கூழ் வெளிநாடு போவதும் கடல்வழியாகத்தான்.

பயன்? ஒரு கடிதத்தால் போர் நிற்காது. 1939 ஜூலையில் காந்தி ஹிட்லருக்கு எழுதிய கடிதம் போய்ச் சேரவே இல்லை. பிரிட்டிஷ் அரசு தடுத்துவிட்டது. ஆனால் இதே தகடூர் (தர்மபுரியின் பழைய பெயர்) மண்ணிலிருந்து, போரைத் தவிர்க்க, மன்னன் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர் ஔவையார். ஆட்சியாளரிடம் போர் வேண்டாம் என்று சொல்வது நமக்குப் புதிதல்ல.

பிரதமர் அலுவலகத்துக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பிவிட்டு, நகலை உங்கள் தொகுதி எம்.பி.யிடம் நேரில் கொடுங்கள். மக்களவையில் வெளியுறவு அமைச்சரிடம் அவரால் கேள்வி கேட்க முடியும். பக்கத்து வீட்டாரும் தனித்தனியாக, அவரவர் சொற்களில் எழுதினால் இன்னும் நல்லது.