பழைய ஜீப் வாங்கும் முன் ஆய்வுப் பதிவை எப்படிப் படிப்பது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்க நினைப்பவர்கள் தகுதிச் சான்று பற்றியும் பழைய ஆய்வு அறிக்கைகள் பற்றியும் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். இந்த வகை வண்டிகளில் பெரிய கோளாறு பெரும்பாலும் அடியில்தான் இருக்கும். விலை பேசுகிற இடத்தில் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. ஏற்கெனவே குனிந்து பார்த்த ஒருவர் எழுதி வைத்த குறிப்புக்கு அதனால்தான் இவ்வளவு மதிப்பு.

பதினெட்டு வருடப் பழைய வண்டி. ஒவ்வொரு ஆய்விலும் தேர்ச்சி பெற்றிருக்கிறது. நம்பி வாங்கலாமா?

தேர்ச்சி என்றால், ஆய்வு நடந்த அன்று பார்க்க முடிந்த பாகங்கள் குறைந்தபட்ச அளவுக்கு மேல் இருந்தன என்று பொருள். ஆய்வாளர் எதையும் கழற்றிப் பார்ப்பதில்லை. உதாரணமாக, பிரிட்டனின் கட்டாய வாகனத் தகுதி ஆய்வான எம்.ஓ.டி.யில் எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் ஆகியவற்றின் நிலை சேர்வதே இல்லை. லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவிசையோடு ஓட்டுவதற்கான கியர்) விழுகிறதா, டிஃப் லாக் (ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதும் சேர்ந்து சுழலப் பூட்டும் அமைப்பு) வேலை செய்கிறதா என்பதெல்லாம் நீங்களேதான் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

எனவே முடிவு என்ன என்பதோடு நிறுத்தாமல், அதற்குக் கீழே இருக்கும் குறிப்புகளைப் படியுங்கள். 'முன் இடது பால் ஜாயிண்டில் லேசான ஆட்டம்', 'பின் பிரேக் குழாயில் மேலோட்டமான துரு' என்பது போன்ற வரிகள் ஒரு வருடம் வந்து அடுத்த வருடம் மறைந்தால், உரிமையாளர் பார்த்துச் சரிசெய்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்கு ரசீது கேளுங்கள். அதே வரி நான்கு வருடம் தொடர்ந்து வந்தால், தேர்ச்சி கிடைக்கும்வரை எதையும் தொடாமல் ஓட்டியிருக்கிறார். அப்படிப்பட்டவர் ஆயிலை மட்டும் நேரத்துக்கு மாற்றியிருப்பார் என்று நான் நம்பமாட்டேன்.

மூன்று அறிக்கைகளில் 'சேஸிஸில் துரு' என்று இருக்கிறது. அதற்குப் பிந்தைய இரண்டில் அந்தப் பேச்சே இல்லை. துரு சரியாகிவிட்டதா?

வந்த கேள்விகளில் மிக முக்கியமானது இதுதான். துரு தானாகப் போகாது. அந்த வரி மறைய மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒன்று, அரித்த இடத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்திருப்பார்கள். இரண்டு, வேறொரு ஆய்வாளர் அதைக் குறிப்பிடாமல் விட்டிருப்பார். மூன்று, துருவின் மேலேயே கறுப்பு அண்டர்கோட்டிங்கை, அதாவது அடிப்பாகத்துக்கான பாதுகாப்புப் பூச்சை, அடித்து மூடியிருப்பார்கள். மூன்றாவதுதான் நான் அதிகம் பார்ப்பது. ஆய்வாளர் பூச்சைச் சுரண்டிப் பார்ப்பதில்லை. பூச்சுக்கு மேல் குறை தெரியாவிட்டால் அவர் எழுதவும் வழியில்லை.

ஏணிச் சட்டம் (ஏணி வடிவ எஃகு சேஸிஸ்) கொண்ட வண்டிகளில் சட்டம் பெட்டி வடிவில், உள்ளே கூடாக இருக்கும். சேற்றிலும் ஆற்றிலும் இறங்கிய வண்டியில் மண் உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். அது ஈரத்தைப் பிடித்து வைப்பதால் தகடு உள்ளிருந்து வெளியே அரிக்கும். வெளியே ஒரு சிறு கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதித் தகடு போயிருக்கும். லேண்ட் ரோவர் டிஃபெண்டர் இதற்கு நல்ல உதாரணம். அதன் மேல் பலகைகள் பெரும்பாலும் அலுமினியம்; அதனால் இருபத்தைந்து வருட வண்டியும் வெளியே பளிச்சென்று இருக்கும். அடியில் எஃகுச் சட்டத்தின் பின் குறுக்குத் தண்டும், பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் தாங்கிகளும், எஞ்சினுக்கும் உட்காரும் பகுதிக்கும் நடுவே, கால் வைக்கும் இடத்தை ஒட்டிய பல்க்ஹெட் என்ற தடுப்பும் அரித்துப் போயிருக்கும். டொயோட்டாவும் இதற்கு விலக்கில்லை. அமெரிக்காவில் டக்கோமா, டண்ட்ரா, செக்வோயா வண்டிகளின் சட்டத் துரு வழக்காகி, 2016-இல் அந்நிறுவனம் சமரசத்துக்கு வந்தது.

சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், பிரேக், சீட் பெல்ட் ஆகியவை பொருந்தும் இடங்களைச் சுற்றியுள்ள துருவைத்தான் ஆய்வு விதிகள் கடுமையாகப் பார்க்கின்றன. பிரிட்டனில் அந்த இடங்களிலிருந்து 30 செ.மீ. தூரம்வரை. அதே சட்டத்தில் கொஞ்சம் தள்ளி ஓட்டை இருந்தால் வண்டி தேறிவிடக்கூடும். ஆனால் துருவுக்கு அந்த எல்லை தெரியாது. அடுத்த சில மழைக்காலங்களில் பரவி வந்துவிடும்.

என்ன செய்வது? அறிக்கை சொன்ன இடத்தை முதலில் பாருங்கள். விற்பவரின் அனுமதியோடு சிறு சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள்: நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், அரித்த தகடு மந்தமாகச் சத்தம் தரும். நீர் வடியும் துளைகள் வழியாக ஒரு சின்ன எண்டோஸ்கோப் கேமராவை உள்ளே விட்டால் சந்தேகம் தீரும். வெல்டிங் செய்திருந்தால் தையல் விடாமல் சுற்றிலும் ஓடியிருக்க வேண்டும். புள்ளி புள்ளியாகப் பிடித்து மேலே பூச்சு அடித்திருந்தால் அது மறைப்பு வேலை. புதிதாக அடித்த அண்டர்கோட்டிங் வாடை வரும் வண்டியை, அடித்ததற்கு முன்னால் எடுத்த படங்கள் இல்லாமல் வாங்காதீர்கள்.

ஆய்வில் தோற்று, அதே நாளில் மறுபடி தேர்ச்சி. இது மோசடியா?

தோற்ற காரணத்தைப் பாருங்கள். பல்ப், வைப்பர், டயர் என்றால் அரை மணி நேர வேலை, சந்தேகப்பட ஒன்றுமில்லை. சட்டத்தில் ஓட்டை என்று தோற்று மாலையில் தேறியிருந்தால், யார் எப்படி வெல்டிங் செய்தார் என்று கேட்க வேண்டும்.

நடுவில் மூன்று வருடம் ஆய்வே இல்லை. விற்பவர் 'ஷெட்டில் நின்றது' என்கிறார்.

உண்மையாக இருக்கலாம். தோட்டத்துக்குள், தனியார் நிலத்துக்குள் மட்டும் ஓடிய வண்டியாகவும் இருக்கலாம். அந்த ஓட்டம் சாலை ஓட்டத்தை விடக் கடினம். இடைவெளிக்கு முன்னும் பின்னும் உள்ள ஓடோமீட்டர் அளவை ஒப்பிடுங்கள். நின்ற வண்டி என்றால் வித்தியாசம் அற்பமாக இருக்க வேண்டும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கத் தயாரிப்பு எண் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். நின்றதாகச் சொல்லும் காலத்தில் தயாரான டயர்கள் வண்டியில் பாதி தேய்ந்து கிடந்தால் கதை பொருந்தவில்லை.

நிஜமாகவே நின்றிருந்தாலும் அது நல்ல செய்தி இல்லை. பிரேக் காலிப்பர்கள் இறுகும், ஆயில் சீல்கள் காயும், எரிபொருள் தொட்டிக்குள் துரு பிடிக்கும்.

ஓடோமீட்டர் ஒரு வருடம் 1,62,000. அடுத்த வருடம் 1,01,500. மீட்டரைத் திருப்பிவிட்டார்களா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மைல் 1.609 கிலோமீட்டர். 1,62,000 கிலோமீட்டரை மைலாக்கினால் ஏறக்குறைய 1,00,700 வரும். ஆகவே இங்கே அலகு மாறியிருக்கவே வாய்ப்பு அதிகம்: ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போன வண்டியில் மீட்டரை மாற்றியிருக்கலாம், அல்லது பதிவு செய்தவர் அலகைத் தவறாகக் குறித்திருக்கலாம். அடுத்தடுத்த வருடங்கள் அதே அலகில் சீராக ஏறினால் கவலை வேண்டாம். இந்த விகிதத்துக்கு அடங்காமல் குறைந்திருந்தால் விலகிக்கொள்ளுங்கள். மிகப் பழைய வண்டிகளில் ஐந்து இலக்க மீட்டர் இருக்கும். 99,999-க்குப் பிறகு சுழியத்திலிருந்து தொடங்கிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

இன்னொன்று பலர் கவனிப்பதில்லை. 29 அங்குல விட்டமுள்ள டயரை எடுத்துவிட்டு 33 அங்குலம் போட்டு, மீட்டரைத் திருத்தாமல் விட்டால், மீட்டர் 100 கி.மீ. காட்டும்போது வண்டி ஏறக்குறைய 114 கி.மீ. ஓடியிருக்கும். இதில் யாரும் ஏமாற்றவில்லை என்றாலும் வண்டியின் தேய்மானம் மீட்டரை விட அதிகம்.

உயர்த்திய சஸ்பென்ஷன், பெரிய டயர். ஆனால் அறிக்கையில் ஒரு வார்த்தையும் இல்லையே?

ஆய்வுக்குப் பிறகு மாற்றியிருக்கலாம். ஆய்வு நாளுக்கு மட்டும் பழைய சக்கரங்களைப் பூட்டிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. வண்டியை உயர்த்தும்போது பிரேக் ஹோஸ் இழுபடும், ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் கூடும், முன் சக்கரத்தின் திருப்பு அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் காஸ்டர் கோணம் குறைந்து ஸ்டீயரிங் நேர்கோட்டில் நிற்காமல் அலையும். முன் ஆக்ஸில் ஒற்றைத் தண்டாக இருக்கும் சுஸுகி ஜிம்னி போன்ற வண்டிகளில் கிங்பின் பேரிங் (சக்கரம் திரும்பும் அச்சின் பேரிங்), பான்ஹார்ட் ராட் (ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் தண்டு) புஷ் தேய்ந்திருந்தால், பெரிய டயரோடு சேர்ந்து ஸ்டீயரிங் பயங்கரமாக உதறும். மாற்றங்கள் பதிவுச் சான்றிலும் காப்பீட்டிலும் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். ஏறாதிருந்தால் விபத்துக்குப் பிறகு இழப்பீடு மறுக்கப்படலாம்.

பழைய ஆய்வு விவரங்கள் எங்கே கிடைக்கும்?

நாட்டுக்கு நாடு வேறுபடும். பிரிட்டனில் வண்டி எண்ணை மட்டும் கொடுத்தால் 2005 முதலான எம்.ஓ.டி. முடிவுகள், தோற்ற காரணங்கள், ஓடோமீட்டர் அளவுகள் எல்லாம் அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். 2018 மே முதல் குறைகள் ஆபத்தானவை, பெரியவை, சிறியவை என்று தரம் பிரிக்கப்படுகின்றன. ஜப்பானில் ஷாகென் என்ற கட்டாய ஆய்வின் சான்றில் ஆய்வின்போதான ஓடோமீட்டர் அளவு இருக்கும். இந்தியாவில் சொந்த வண்டிக்கு 15 வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கும்போதுதான் ஆய்வு, பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. அரசின் வாகன் இணையதளத்தில் தகுதி எந்தத் தேதிவரை என்று தெரியும். ஆய்வாளர் கண்ட குறைகளின் பட்டியல் வராது. அப்படிப்பட்ட இடங்களில் விற்பவர் கையிலிருக்கும் காகிதங்களும் சர்வீஸ் ரசீதுகளும்தான் வரலாறு. எந்தக் காகிதமானாலும் அதிலுள்ள சேஸிஸ் எண்ணைச் சட்டத்தில் பொறித்திருப்பதோடு ஒப்பிடுங்கள். சட்டமே மாற்றப்பட்ட வண்டியில் இந்த எண் சிக்கல் அடிக்கடி வரும்.

'புதிதாக ஆய்வு முடித்துத் தருகிறேன்' என்கிறார் விற்பவர். போதாதா?

வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதோடு விடாதீர்கள். ஆய்வு நிலையத்தைத் தேர்ந்தெடுத்தது அவர். உங்கள் மெக்கானிக் ஒருவரிடம் வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கள். பழைய அறிக்கைகளில் வந்த ஒவ்வொரு குறையையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் இப்போதைய நிலையைக் குறித்துத் தரச் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை இது. லிஃப்டில் ஏற்ற விற்பவர் சம்மதிக்காவிட்டால் முன்பணம் கொடுக்காதீர்கள்.