நோயையும் எழுதலாமா?

வணக்கம் அக்கா,

எங்கள் அப்பத்தா இறந்து வருகிற மாசியோடு ஒரு வருடம். தலைத்திவசத்துக்குச் சின்னதாக நினைவு மலர் ஒன்று போடலாம் என்று சொல்லி, எழுதுகிற பொறுப்பைச் சித்தப்பா என்னிடம் விட்டிருக்கிறார். மானாமதுரைப் பக்கம் எங்கள் ஊரில் அப்பத்தாவைக் கேட்காமல் ஒரு கல்யாணம் பேசமாட்டார்கள். கடைசி ஏழு வருடம் அல்சைமர் என்கிற மறதி நோய். என்னைத் தன் செத்துப்போன தங்கச்சி பெயர் சொல்லித்தான் கூப்பிடும். ராத்திரி எழுந்து, வீட்டுக்குப் போகணும் என்று கதவைத் தட்டும். பூவைக் கொடுத்தால் மட்டும் பழையபடி கட்டும். அம்மாதான் எல்லாம் பார்த்தது. நோயைப் பற்றி ஒரு வரிகூட வரக்கூடாது, நல்லதை மட்டும் எழுது என்கிறார் அத்தை. எனக்கோ அந்த ஏழு வருடம்தான் ஞாபகத்தில் நிற்கிறது. போன அன்று அழுகையோடு ஒரு நிம்மதியும் வந்தது, அது இன்னும் உறுத்துகிறது. என்ன எழுதட்டும்?

ஒரு பேத்தி

அன்புள்ள தங்கைக்கு,

நோயையும் எழுதுங்கள். தன் அம்மாவை ஊரார் அந்தக் கோலத்தில் நினைக்கக் கூடாதே என்கிற தவிப்பு அத்தைக்கு, அதில் தப்பே இல்லை. ஆனால் அந்த ஏழு வருடமும் உங்கள் அப்பத்தா வாழ்ந்த வருடங்கள்தானே.

அல்சைமர் பெரும்பாலும் புது நினைவுகளைப் பதிக்கிற ஹிப்போகாம்பஸ் பகுதியைத்தான் முதலில் பிடிக்கும். நேற்று நடந்தது முதலில் போய்விடும், சின்ன வயதில் நடந்தது ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கும். பூக் கட்டுவது மாதிரியான கைப்பழக்கம் மூளையில் வேறு இடங்களைச் சார்ந்தது, அதனால் அதுவும் சீக்கிரம் போகாது. அப்பத்தா போக நினைத்தது அநேகமாகத் தான் பிறந்து வளர்ந்த வீட்டுக்கு. உங்களைத் தங்கச்சி பெயரில் கூப்பிட்டதையும் மறதி என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். எதிரில் நிற்பவள் தனக்குப் பிரியமானவள் என்பது கடைசிவரை தெரிந்திருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

1901-ல் பிராங்பர்ட் மருத்துவமனை ஒன்றில் அகுஸ்டே டேட்டர் என்ற 51 வயதுப் பெண்ணிடம், இந்த நோய்க்குப் பெயராகிப்போன டாக்டர் அல்சைமர் கேள்வி கேட்டு, வந்த பதிலையெல்லாம் குறித்துவைத்தார். கணவர் பெயரைக் கேட்டால் தன் பெயரைச் சொன்னார் அந்தப் பெண். காலிபிளவரும் பன்றி இறைச்சியும் சாப்பிட்டுக்கொண்டே, கீரை சாப்பிடுகிறேன் என்றார். காணாமல் போயிருந்த அந்தக் கோப்பு 1995-ல்தான் திரும்பக் கிடைத்தது. அதைப் பற்றிப் படித்தபோது எனக்கு நோயைவிட அந்தப் பெண்தான் மனதில் நின்றார், என்ன சாப்பிட்டார் என்ன சொன்னார் என்று ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து எழுதிவைத்ததால். உங்கள் அப்பத்தா சொன்னவற்றையும் அப்படியே, அவர் பேச்சிலேயே எழுதுங்கள்.

நிம்மதி வந்ததற்காக உறுத்திக்கொள்ளாதீர்கள். ஏழு வருடம் ராத்திரித் தூக்கம் கெட்ட வீட்டில் அது வரத்தான் செய்யும். அப்புறம், ஒவ்வொரு வருடமும் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்து நீங்கள் ஏற்கெனவே நிறைய அழுதுவிட்டீர்கள்.

கடிதத்தில் எனக்கு மனசு கேட்காத இடம் ஒன்றுதான். அம்மாதான் எல்லாம் பார்த்தது என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். இந்த நோய் முற்றினால் விழுங்குவதே சிரமம், சோற்றைக் குழைத்து நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டணும், புண் வராமல் இருக்கப் புரட்டிப் படுக்கவைத்துக்கொண்டே இருக்கணும், சில நாள் அடியும் வசவும்கூட வாங்கணும். 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள், பெரிய உதவிதான். ஆனாலும் நடுராத்திரி கதவைத் தட்டும் சத்தம் கேட்டு எழுந்தது உங்கள் அம்மா. மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் அந்த அறையில் என்ன நடந்தது என்பது அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. முதலில் அவரிடம் கேளுங்கள்.

பழைய காலத்துக்கு அத்தையிடமே போங்கள். தங்கமானவர், தாராள மனசு என்பதெல்லாம் எல்லா மலரிலும் இருக்கிறது, வேண்டாம். கல்யாணம் பேச வந்தவர்களிடம் அப்பத்தா என்ன கேட்பார், எந்தச் சம்பந்தத்தை வேண்டாம் என்றார், ஏன் என்றார் என்று கேளுங்கள். ஊரில் அவரோடு பழகிய கிழவிகள் இருந்தால் அவர்களிடமும் இப்போதே போய் உட்காருங்கள், பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

மலரில் அம்மாவும் அப்பத்தாவும் சேர்ந்திருக்கிற படம் ஒன்று போடச் சொல்லுங்கள். சித்தப்பா தயங்கினால் இந்தப் பதிலைக் காட்டுங்கள்.

அன்புடன்,
அக்கா