மல்லிகை சோப்பு ஏன் பழுப்பாகிறது?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டிலேயே காஸ்டிக் சோடா சோப்பு செய்து விற்கும் வாசகி ஒருவரின் கேள்வி: “மல்லிகை வாசனை நிஜப் பூ மாதிரி வரட்டும் என்று எசென்ஸில் இண்டோல் என்ற வாசனை ரசாயனத்தைச் சேர்த்தேன். ஒரு கிலோ சோப்புக்கு 30 கிராம் எசென்ஸ், அதில் 3 கிராம் இண்டோல். பாச்சை உருண்டை நெடிதான் அடித்தது. வெள்ளையாக ஊற்றிய கட்டி மூன்று வாரத்தில் டீ நிறத்துக்கு வந்துவிட்டது. பாட்டிலில் மீதி இருப்பதும் சிவந்திருக்கிறது. கெட்டுப்போன சரக்கைத் தந்துவிட்டார்களா?”

கடைக்காரரைச் சந்தேகிக்க வேண்டாம். நீங்கள் சொன்ன மூன்றும் இண்டோலின் குணமேதான்.

முதலில் நெடி. இண்டோல் மல்லிகைப் பூவிலேயே இருக்கிறது, மலத்திலும் இருக்கிறது. அளவு கூடினால் பாச்சை உருண்டை, துளியூண்டு போதுமென்று நிறுத்தினால் பூ. திருப்பாதிரிப்புலியூரில் மாலையில் ஒரு முழம் குண்டுமல்லி மொட்டாக வாங்கி, இரவு தலையணைப் பக்கம் வைத்துவிட்டு விடிந்ததும் முகர்ந்து பாருங்கள். தித்திப்புக்கு அடியில் கனமாக, கொஞ்சம் மிருகவாடை போல ஒன்று தெரியும். அந்தக் கனத்தில் இண்டோலுக்குப் பங்கு உண்டு. அது இல்லாத மல்லிகை எசென்ஸ் எனக்கு எப்போதும் மிட்டாய் வாசனையாகத்தான் படும். அதனால் நீங்கள் இதைத் தேடிப் போனது சரி. அளவுதான் தவறிவிட்டது: எசென்ஸில் 10 சதவீதம் மிக மிக அதிகம். அரை சதவீதத்தில் தொடங்குங்கள். 30 கிராமுக்கு 0.15 கிராம்தான் வரும். வீட்டுத் தராசில் நிற்காது. எனவே 1 கிராம் இண்டோலை 9 கிராம் டைபுரோப்பிலீன் கிளைக்காலில் (வாசனைப் பொருட்களைக் கரைக்கும் திரவம்) கரைத்துக்கொண்டு, அந்தக் கரைசலில் 1.5 கிராம் எடுங்கள். கையுறை அவசியம், வெறும் கையால் தொடாதீர்கள்.

அப்புறம் நிறம். இண்டோல் என்ற பெயரே இண்டிகோவிலிருந்து, அதாவது நம் அவுரி நீலத்திலிருந்து வந்தது. அதை ஆராயும்போதுதான் 1866-ல் ஜெர்மன் வேதியியலாளர் அடால்ஃப் பேயர் இண்டோலைத் தயாரித்தார். பழைய தென்னார்க்காட்டில் அவுரி நிறைய விளைந்தது. புதுச்சேரியின் நீலத்துணி மேற்கு ஆப்பிரிக்கா வரை கப்பலேறியது. தொட்டியில் ஊறிய அவுரித் தண்ணீர் காற்று பட்டதும் நீலமாவதும், உங்கள் பாட்டிலில் வெள்ளைச் செதில் சிவப்பதும் தூரத்துச் சொந்தம்தான். காற்றும் வெளிச்சமும் பட்டால் நிறம் ஏறும். லேசாகச் சிவந்ததைத் தூக்கிப் போட வேண்டாம், வாசனைக்கு ஆகும். இனிமேல் பழுப்புக் கண்ணாடி பாட்டிலில், இறுக மூடி, இருட்டில் வையுங்கள்.

சோப்பில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. மல்லிகை எசென்ஸ்களில் பெரும்பாலும் ஆல்டிஹைடுகள் என்ற வகை வாசனை ரசாயனங்கள் இருக்கும். இண்டோல் அவற்றோடு கூடினாலும் நிறம் கறுக்கும். டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடியைப் போட்டு மறைக்கப் பார்க்கிறார்கள், முழுதாக மறையாது.

வெள்ளைச் சோப்புதான் வேண்டுமென்றால் என் யோசனை, இண்டோலை விட்டுவிடுங்கள். ஹெக்சைல் சின்னமிக் ஆல்டிஹைடு, ஃபீனைல் எத்தில் ஆல்கஹால் என்ற இரண்டு வாசனைப் பொருட்களும் சோப்பில் தாங்கும். மல்லிகைச் சாயலும் கிடைக்கும். மல்லிகையின் முக்கிய வாசனையான பென்சைல் அசிடேட்டை மட்டும் நம்பாதீர்கள், அது எஸ்டர் என்ற வகை ரசாயனம், காஸ்டிக்கில் ஓரளவு உடைந்துவிடும். இண்டோல் கட்டாயம் வேண்டுமா? காபி நிறக் கட்டியாகவே செய்து விற்றுவிடுங்கள்.

அடுத்த பெரிய ஊற்றுக்கு முன் 100 கிராமில் இரண்டு கட்டி செய்யுங்கள்: ஒன்றில் எசென்ஸ் மட்டும், மற்றதில் எசென்ஸும் இண்டோலும். இரண்டையும் ஜன்னலோரம் மூன்று வாரம் வையுங்கள். இண்டோல் போடாத கட்டியும் பழுப்பானால், எசென்ஸில் வெனிலின் (வெனிலா வாசனை தரும் பொருள்) இருக்கிறதா என்று விற்றவரிடம் கேளுங்கள். அதுவும் சோப்பைப் பழுப்பாக்கும்.