அந்த ஆறு தொகுதிகளைத் தாண்டிப் போக வேண்டாம்

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நானும் என் தோழிகளும் ‘ப்ளீச்’ என்ற ஜப்பானியப் படக்கதையின் (மங்கா) தீவிர ரசிகைகள். என் தம்பி இப்போதுதான் முதல்முறையாகப் படிக்கிறான், 48ஆம் தொகுதிக்கு வந்துவிட்டான். “வில்லன் ஐசென் தோற்றதோடு நிறுத்தச் சொல், ஃபுல்பிரிங் பகுதி சுத்த வேஸ்ட், நேராக 55க்குப் போகட்டும்” என்கிறார்கள் தோழிகள். எனக்கோ மொத்தக் கதையிலும் மனதுக்கு நெருக்கமானது அந்தப் பகுதிதான். ஏன் பிடிக்கும் என்று கேட்டால் சொல்லத் தெரிவதில்லை. என் ரசனையில் ஏதாவது கோளாறா? தம்பிக்கு என்ன சொல்லட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் ரசனையில் ஒரு கோளாறும் இல்லை. தம்பி ஒரு பக்கத்தைக்கூட விட வேண்டாம். ஃபுல்பிரிங் பகுதி வரும் 49 முதல் 54 வரையிலான அந்த ஆறு தொகுதிகள் மீது எனக்கும் தனிப் பிரியம் உண்டு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முக்கியமான திருப்பங்களை உடைக்காமல் இதைப் பேச முடியாது. தம்பி கண்ணில் இந்தப் பக்கம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோழிகளின் வெறுப்புக்குக் காரணம் இருக்கிறது. 2010 இறுதியில் இந்தப் பகுதி தொடங்கியபோது, வாசகர்கள் ஐசெனோடு நடந்த பெரும்போரை அப்போதுதான் முடித்திருந்தார்கள். கேப்டன்கள், அவர்களுடைய வாளின் உச்ச வடிவமான பான்காய்கள், வானத்தைப் பிளக்கும் வாள்வீச்சு எல்லாம் ஒரே வாரத்தில் காணாமல் போய், பள்ளிக்கூடமும் பார்ட் டைம் வேலையுமாக நாயகன் இச்சிகோ மட்டும் எஞ்சினான். கூடவே யாரென்றே தெரியாத ஐந்தாறு பேர், பொம்மை வீடு, வீடியோ கேம் என்று விசித்திரமான சக்திகளோடு வந்து உட்கார்ந்தார்கள். வாரம் ஒரு அத்தியாயமாக 2012 தொடக்கம் வரை இதைப் படித்தவர்களுக்குப் பொறுமை போனதில் ஆச்சரியமில்லை. இதன் அனிமேஷன் தொடரான அனிமேயும் இந்தப் பகுதியோடுதான் 2012 மார்ச்சில், 366ஆவது எபிசோடில் நின்றது. அடுத்த பகுதி வர 2022 அக்டோபர் ஆனது. தொடர் நின்றுபோன கோபமும் சேர்ந்து இதன் தலையிலேயே விழுந்தது.

சரி, உங்களுக்கு ஏன் பிடித்தது என்பதற்கு வருவோம். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன், உங்கள் மனதில் இருப்பதோடு பொருந்துகிறதா பாருங்கள்.

இச்சிகோ ஐசெனை வெல்வதற்காகத் தன் ஷினிகாமி (இறந்தவர்களின் ஆவிகளை வழிநடத்தும் வீரர்) சக்தி முழுவதையும் கொடுத்துவிட்டான். 48ஆம் தொகுதியின் கடைசியில் ஷினிகாமித் தோழி ருக்கியா அவன் கண்ணெதிரிலேயே மறைகிறாள். அவள் எங்கேயும் போகவில்லை, அவனால்தான் அவளைப் பார்க்க முடியவில்லை. இப்படி எல்லாவற்றையும் கொடுத்தவன் அதற்கப்புறம் எப்படி வாழ்கிறான் என்று எத்தனை சண்டைத் தொடர்கள் நின்று பார்த்திருக்கின்றன? இதை எழுதி வரைந்த டைட் குபோ பார்த்தார். 17 மாதங்கள் கழித்துக் கதை தொடங்குகிறது. ஊரில் ஹாலோ என்ற தீய ஆவி வந்தால் நண்பன் இஷிதா வகுப்பிலிருந்து எழுந்து ஓடுகிறான். தங்கை காரினுக்கு ஆவிகள் தெரிகின்றன, அண்ணனுக்குத் தெரியவில்லை. அவன் மனம் நோகக்கூடாது என்று எல்லோரும் கவனமாக நடந்துகொள்கிறார்கள். அவனும் சாதாரண வாழ்க்கைதான் தனக்கு வேண்டும் என்று சொல்லிக்கொள்கிறான். அவன் அதை நம்பவில்லை என்பது முகத்தில் தெரிகிறது. அந்த அத்தியாயங்கள் மெதுவாக நகர்கின்றன என்பது குற்றச்சாட்டு. அந்த மெதுவான நாட்கள் இல்லாவிட்டால், சக்தி திரும்பக் கிடைக்கும் என்று கின்ஜோ என்ற புதியவன் வந்து சொன்னதும் அவன் ஏன் அப்படித் தாவிப் பிடித்துக்கொள்கிறான் என்பது நமக்குப் புரியவே புரியாது.

அப்புறம் சுகிஷிமா. தொடரில் எனக்கு மிகவும் பயம் தந்த எதிரி அவன்தான். அவன் வாளால் வெட்டினால் ரத்தம் வராது. வெட்டுப்பட்டவரின் கடந்த காலத்துக்குள் அவன் நுழைந்துவிடுவான். அவன் இச்சிகோவின் வீட்டுக்கு வந்தால் இச்சிகோவின் தங்கைகள் அவனைச் சொந்தக்காரனாக வரவேற்கிறார்கள். இச்சிகோவின் நண்பர்கள் ஒரிஹிமேவும் சாடும் அவனைப் பழைய தோழனாக நம்புகிறார்கள். இச்சிகோவுக்கு ஐசென் கொடுக்காத அடி இது. இச்சிகோ இத்தனை காலம் வாள் எடுத்ததே இவர்களுக்காகத்தான். இவர்களே அவன் பக்கம் இல்லை என்றால் அவனிடம் மிச்சம் என்ன?

அந்த நிலையில், மீண்டும் வளர்த்தெடுத்த சக்தியையும் கின்ஜோ பறித்துக்கொள்கிறான். மழையில் விழுந்து, திருப்பிக் கொடு என்று இச்சிகோ அழுகிறான். முதுகில் ஒரு வாள் பாய்கிறது. பின்னால் நிற்பவர் தன் அப்பா, அவரும் மாறிவிட்டார் என்றே நினைக்கிறான். ஆனால் வாளைப் பிடித்திருப்பவள் ருக்கியா. முதல் அத்தியாயத்தில் அவன் மார்பில் வாளைப் பாய்ச்சிச் சக்தி கொடுத்த அதே ருக்கியா. இந்தப் பக்கத்துக்காக மட்டுமே நான் இந்தப் பகுதியைப் பத்துப் பேரிடம் வாதாடிக் காப்பாற்றுவேன்.

கடைசியில் வரும் தனித்தனிச் சண்டைகள் அவசர அவசரமாக முடிவது உண்மைதான். கின்ஜோவின் கூட்டத்தைச் சேர்ந்த கிரிக்கோவும் ஜாக்கியும் இன்னும் நல்ல கதைக்குத் தகுதியானவர்கள். ஆனால் ருக்கியாவின் அண்ணனும் கேப்டனுமான பியாகுயாவின் சண்டையை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். சுகிஷிமா அவன் கடந்த காலத்திலும் புகுந்து, நன்றிக்கடன் பட்டவனாகவே ஆக்கிவிடுகிறான். அந்த நன்றி தன் மனதில் நிஜமாக இருந்தும், நீ இச்சிகோவின் எதிரி என்பதால் வெட்டத் தயக்கமில்லை என்கிறான் பியாகுயா. கதையின் தொடக்கத்தில் இச்சிகோவைக் கொல்ல வந்தவன் இவன் என்பதை நினைத்துப் பாருங்கள்.

முடிவைத் தோழிகளிடம் கட்டாயம் பேசுங்கள். இச்சிகோவுக்கு முன்பே ஷினிகாமிப் பதிலாளாக இருந்தவன் கின்ஜோ. தனக்குக் கொடுத்த பேட்ஜ் தன்னைக் கண்காணிக்கும் கருவி என்று தெரிந்ததும் அவன் ஷினிகாமிகளின் உலகமான சோல் சொசைட்டிக்கு எதிராகத் திரும்பினான். அதே உண்மை இச்சிகோவுக்கும் தெரிய வருகிறது. தெரிந்த பிறகும், எல்லோரையும் காப்பதே தன் வழி என்று அவன் தானே தேர்ந்தெடுக்கிறான். அதுவரை சூழ்நிலைதான் அவனை ஒவ்வொரு போருக்கும் இழுத்துப் போனது. சண்டை முடிந்ததும் சோல் சொசைட்டிக்கே போய், கின்ஜோவின் உடலைக் கேட்டு வாங்குகிறான், மனிதர்கள் வாழும் மண்ணில் புதைப்பதற்காக. தனக்கு அத்தனை கொடுமை செய்தவனை, அவன் வெறும் ஷினிகாமிப் பதிலாள்தான் என்று சொல்லி முடித்துவிடுகிறான். இதைவிடப் பெருந்தன்மையான காட்சி 74 தொகுதிகளிலும் எனக்குத் தெரிந்து இல்லை.

தம்பிக்கு இந்த விளக்கம் எதுவும் வேண்டாம். ஆறு தொகுதிகளையும் சேர்த்துக் கொடுங்கள். வாரக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு வந்த சலிப்பு, இரண்டு மூன்று நாளில் படிப்பவனுக்கு வராது. கின்ஜோவைப் பற்றி மட்டும் வாய் திறக்காதீர்கள், அவன் நல்லவன் என்று தம்பி நம்பியாக வேண்டும்.

தோழிகள் அப்போதும் விடவில்லை என்றால் கடைசித் தொகுதியை எடுத்துக் காட்டுங்கள். கடைசி எதிரி யூஹபாக்குடனான போரில் உடைந்துபோன இச்சிகோவின் பான்காயை மீட்க ஒரிஹிமேவுக்குத் துணைநிற்பவன் சுகிஷிமா. ஐம்பதாம் தொகுதி வாக்கில் அவனைச் சந்திக்காமல் தாண்டி வந்தவன் அந்த இடத்தில், “யாரு அக்கா இவன்?” என்று உங்களிடம்தான் வந்து கேட்பான்.