‘டக்’ என்று ஒரே சத்தம்: பேட்டரி புதிது, வண்டி ஏன் கிளம்பவில்லை?

கேள்வி: பர்மாவில் மோல்மீனுக்கும் முடோனுக்கும் இடையே லைன் ஓடும் பழைய டொயோட்டா ஹைலக்ஸ், ‘3எல்’ மாடல் டீசல் எஞ்சின். மழை தொடங்கியதிலிருந்து காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஐந்தாறு தடவை திருப்பினால் கிளம்பிவிடுகிறது. பேட்டரி மாற்றி இரண்டு மாதம்தான் ஆகிறது. பட்டறையில் ஸ்டார்ட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறி பெரும்பாலும் ஸ்டார்ட்டருக்குள் மோட்டாருக்குக் கரண்டை இணைக்கும் இரண்டு செப்புத் துண்டுகளைத்தான் காட்டுகிறது. ஆனாலும் கழற்றுவதற்கு முன் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிடுங்கள். பேட்டரியையும் அளந்து பார்க்காமல்தான் மாற்றியிருப்பீர்கள் என்று தோன்றுகிறது.

முதலில் சத்தம். ‘டகடகடக’ என்று தொடர்ந்து அடித்தால் மின்னழுத்தம் போதவில்லை: பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது டெர்மினல் தளர்ந்திருக்கும். சத்தமே இல்லையென்றால் சாவி ஸ்விட்ச், ரிலே, ஸ்டார்ட்டருக்குப் போகும் சின்ன வயர். அழுத்தமாக ஒரே ஒரு ‘டக்’ கேட்டு, ஹெட்லைட்டும் மங்காமல் எரிந்தால், சொலினாய்டு (ஸ்டார்ட்டரிலுள்ள மின்காந்த ஸ்விட்ச்) இழுத்துவிட்டது, மோட்டாருக்கு மட்டும் கரண்ட் போகவில்லை என்று அர்த்தம். அதே ‘டக்’கோடு லைட் அணையுமளவு மங்கினால் கதை வேறு. அப்போது பேட்டரி, கேபிள், இறுகிப்போன மோட்டார் என்று தேட வேண்டும்.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் சார்ஜ். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வரவில்லையென்றால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் பெல்ட்டையும் பாருங்கள். கரண்ட் போகும் நேரத்தில் வீட்டு விளக்குக்கு வண்டி பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போகிற வழக்கம் இருந்தால், இரண்டே மாதத்தில் புதுப் பேட்டரியும் கெட்டுப்போகும். வண்டி பேட்டரி சில விநாடிக்குப் பெரிய கரண்ட் கொடுப்பதற்காகச் செய்யப்பட்டது. அடிவரை வற்றவிட்டால் தாங்காது.

அடுத்ததுதான் முக்கியமான சோதனை. கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட்பிரேக் போடுங்கள். டீசல் பம்பிலுள்ள, டீசலை நிறுத்தும் கட்-ஆஃப் சொலினாய்டின் வயரைப் பிடுங்கிவிட்டால் எஞ்சின் பிடிக்காது, நிதானமாக அளக்கலாம். மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவின் ஈயக் குமிழியிலேயே வையுங்கள், கிளாம்பில் வேண்டாம். ஒருவர் சாவியைத் திருப்பட்டும். சிவப்பு முனையை ஸ்டார்ட்டரில் பேட்டரிக் கேபிள் வரும் தடித்த போல்ட்டிலும், பிறகு சொலினாய்டிலிருந்து மோட்டாருக்குள் போகும் போல்ட்டிலும் வைத்துப் பாருங்கள். முதல் போல்ட்டில் 12, இரண்டாவதில் பூஜ்யம் என்றால் செப்புத் துண்டு தேய்ந்துவிட்டது. இரண்டிலும் 12 வந்தும் சுற்றவில்லையென்றால் முதலில் எர்த் (பேட்டரி நெகட்டிவிலிருந்து வண்டி உடம்புக்குப் போகும் வயர்), பிறகு பிரஷ் (மோட்டாருக்குள் கரண்ட் கொடுக்கும் கரித்துண்டு). முதல் போல்ட்டிலேயே 5, 6 என்று விழுந்து, பேட்டரியில் மட்டும் 12 நின்றால் கேபிளோ கிளாம்போதான் குற்றவாளி.

எர்த்தைச் சாவியைத் திருப்பி மோட்டாருக்குக் கரண்ட் போகும்போதுதான் அளக்க முடியும். கரண்ட் ஓடாத வயரில் எந்தக் குறையும் தெரியாது. கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவிலேயே இருக்க, சிவப்பு முனையை ஸ்டார்ட்டர் உடம்பில் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரின் இரு முனையையும் கழற்றி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து இறுக்குங்கள். டீசல் ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுக்கும்போது, ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 2 வோல்ட் போய்விடும். மோல்மீன் மழையில் பச்சைக் களிம்பு பிடிக்க ஒரு பருவம் போதும். கிளாம்பில் வெள்ளைப்பொடி இருந்தால் ஒரு கப் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து கழுவுங்கள். அந்தத் தண்ணீர் பேட்டரி செல்லுக்குள் மட்டும் போகக்கூடாது.

செப்புத் துண்டுதான் என்று உறுதியானால், அந்தத் துண்டு இரண்டும் பிளஞ்சரும் (சொலினாய்டுக்குள் நகர்ந்து அவற்றைத் தொடும் தண்டு) சேர்ந்த செட் தனியாகக் கிடைக்கும். முழு ஸ்டார்ட்டர் விலையோடு ஒப்பிட்டால் சொற்பக் காசு. பேட்டரி நெகட்டிவை முதலில் கழற்றாமல் ஸ்பேனரை உள்ளே விடாதீர்கள். சொலினாய்டின் பின்மூடியில் மூன்று போல்ட். எடுத்தால் பிளஞ்சர் ஸ்பிரிங்கோடு வெளியே வரும். பேட்டரிப் பக்கத் துண்டுதான் பெரும்பாலும் குழி விழுந்திருக்கும். பிளஞ்சரின் வட்டத் தகடு கொஞ்சம் திரும்பி மேட்டில் பட்டால் வண்டி கிளம்பும், குழியில் பட்டால் வெறும் ‘டக்’. ஐந்தாறு தடவை திருப்ப வேண்டியிருப்பது இதனால்தான். புதுத் துண்டுகள் இரண்டும் ஒரே மட்டத்தில் உட்கார வேண்டும். ஒன்று தாழ்ந்திருந்தால் தகடு ஒன்றில் மட்டும் தொட்டு, புதிது போட்டும் அதே ‘டக்’ கேட்கும். போல்ட்டின் இன்சுலேஷன் வாஷரை மறந்தால் ஷார்ட் ஆகும்.

இதெல்லாம் சரியாகி, எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லையென்றால் அது பெரும்பாலும் டீசல் பக்கத்துக் கோளாறு. பிடுங்கிய கட்-ஆஃப் வயரைத் திரும்ப மாட்டினீர்களா என்று முதலில் பாருங்கள். பிறகு டீசல் ஃபில்டர் அடியில் தேங்கிய தண்ணீரை இறக்கி, மேலேயுள்ள கைப்பம்பைக் கெட்டியாகும் வரை அமுக்குங்கள். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் சுற்றவிடாமல், அரை நிமிடம் ஆறவிட்டுத் திருப்புங்கள்.